18 வயதைத் தாண்டிய தம்பிக்குப் பாதுகாவலர் யார்? முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டில் அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பிவிட்டதா? அப்படியானால் பெற்றோர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வாப்பா மவுத்தான பிறகுதான் தம்பிக்காக நாங்கள் இந்த வேலைகளைத் தொடங்கினோம். ஆலிம்களிடம் கேட்டால் ஷரீஅத் சட்டம் கிடைத்தது, தாலுகா ஆபீசில் கேட்டால் அரசுச் சட்டம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து, எதை முதலில் செய்வது, எதை எப்போது செய்யக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு சுன்னி முஸ்லிம் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய சொத்து, வழக்கு என்று வந்தால் வக்கீலையும் உங்கள் மத்ஹபு (ஹனஃபி, ஷாஃபி போன்ற மார்க்கச் சட்டப் பிரிவு) ஆலிமையும் பார்க்காமல் இருக்காதீர்கள்.

1. முதலில் நிலைமையைச் சரியாகப் பெயரிடுங்கள்

ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) ஒரு மனிதனின் தகுதியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, உரிமை பெறும் தகுதி. இது உயிரோடு இருக்கும் எல்லாருக்கும் உண்டு. வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக்கூட வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். இன்னொன்று, விற்பது, வாங்குவது, தானம் கொடுப்பது, தலாக் சொல்வது போன்றவற்றைத் தானே செய்யும் தகுதி. இதற்குத்தான் புத்தித் தெளிவு வேண்டும். உங்கள் தம்பிக்கு இரண்டாவது குறைந்திருக்கலாம். முதலாவது ஒரு துளியும் குறையவில்லை. இதை வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்து, எந்த வகை என்று பாருங்கள். புத்தி முழுக்க மறைந்தவர் மஜ்னூன். ஓரளவு புரியும், ஆனால் நல்லது கெட்டதை எடைபோட முடியாது என்றால் மஃதூஹ். அறிவு நன்றாக இருந்தும் பணத்தைக் கண்டபடி இறைப்பவர் ஸஃபீஹ். நம் வீடுகளில் 'மந்தம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இங்கே மத்ஹபு வித்தியாசம் உண்டு. ஹனஃபியில் மஃதூஹின் நிலை, விவரம் தெரிந்த சிறுவனின் நிலைதான்: அவருக்கு முழுக்க லாபமான செயல், உதாரணமாக அன்பளிப்பை ஏற்றுக்கொள்வது, செல்லும். முழுக்க நஷ்டமானது, அதாவது தன் சொத்தைத் தானம் கொடுப்பது, வலீ (பொறுப்பாளர்) அனுமதித்தாலும் செல்லாது. விற்பது வாங்குவது போல இரண்டும் கலந்தது வலீ ஒப்புக்கொண்டால் செல்லும். ஷாஃபியில் இவ்வளவு இடம் இல்லை. கொடுக்கல் வாங்கலை வலீயே செய்ய வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபி, ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. அதனால் பக்கத்து ஊர் உறவினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மத்ஹபு எது என்று சொல்லியே கேளுங்கள்.

அரசுச் சட்டத்திலும் இரண்டு பாதை உண்டு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் பொருந்தும். இதில் நீதிமன்றம் போகாமலே பாதுகாவலர் சான்று வாங்கலாம். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்ற மனநோய்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பலர் இது தெரியாமல் விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து திரும்புகிறார்கள். மனநோய்க்கான வழியைத் தனியாக 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. யூ.டி.ஐ.டி. அட்டையை வாங்குங்கள்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் அடுத்த படி எதுவும் நகராது. பழைய அடையாளப் புத்தகம் இருந்தாலும் யூ.டி.ஐ.டி. எண் கேட்பார்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனை சொல்லும் நாளில் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டணம் கிடையாது. யாராவது 'முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆதார், போட்டோ, முன்பு பார்த்த வைத்தியச் சீட்டுகள், சிறப்புப் பள்ளியில் படித்திருந்தால் அந்தச் சான்று, எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். அறிவுத்திறன் சோதனையில் கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள், படம் காட்டி கேள்வி கேட்பார்கள். புதிய இடத்தில் மிரளும் பிள்ளை என்றால் காலையிலேயே சாப்பிட வைத்து, அவர் விரும்பும் ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போங்கள். பெற்றோர் வெட்கப்பட்டு 'எல்லாம் செய்வான் டாக்டர்' என்று சொல்லிவிடுவதுண்டு. அப்படிச் சொல்லாதீர்கள். தானாகக் குளிப்பாரா, கடைக்குப் போய் மீதிக் காசை எண்ணி வாங்குவாரா, தனியாக பஸ் ஏறுவாரா என்று உள்ளபடி சொல்லுங்கள். சான்றில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே சான்றிலும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அப்துல் என்பது ஒன்றில் 'அ' என்ற முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருந்தால் வங்கியில் மாட்டிக்கொள்வீர்கள்.

3. கலெக்டர் ஆபீசில் பாதுகாவலர் சான்று

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது.

ஷரீஅத்தில், சிறு வயதிலிருந்தே புத்தி வளராத பிள்ளை பருவம் அடைந்த பிறகும் தகப்பனின் பொறுப்பு தொடர்கிறது. ஹனஃபி வரிசையில் சொத்துக்குப் பொறுப்பு முதலில் தகப்பன், பிறகு தகப்பன் நியமித்த வஸீ (தன் மறைவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள நியமித்தவர்), பிறகு தகப்பனின் தகப்பன், அவர் நியமித்த வஸீ, கடைசியில் காழி (ஷரீஅத் நீதிபதி). ஷாஃபியில் தகப்பனுக்கு அடுத்து பாட்டனார், அப்புறம்தான் வஸீ. உம்மாவோ அண்ணனோ இந்த வரிசையில் தானாக வருவதில்லை. இந்திய நீதிமன்றங்களும் இதையே பின்பற்றி, தாய் தன் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்றால் செல்லாது என்று நூறாண்டுக்கு மேலாகத் தீர்ப்பளித்து வருகின்றன.

அரசுச் சட்டத்தில் நிலைமை வேறு. 18 வயது ஆனவுடன் வாப்பாகூட தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டார். அவரும் சான்று வாங்க வேண்டும். ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: உம்மா, ராத்தா (அக்கா), காக்கா (அண்ணன்) யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மதம் பார்ப்பதில்லை. ஜமாஅத் தலைவரோ மாவட்ட அரசு காஜியோ எழுதிக் கொடுக்கும் கடிதம் துணை ஆவணமாக உதவும். ஆனால் 1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டப்படி காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் கிடையாது. ஜமாஅத் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் போகாதீர்கள்.

மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் எல்.எல்.சி. (லோக்கல் லெவல் கமிட்டி) என்ற குழு இருக்கிறது. கலெக்டர், நேஷனல் டிரஸ்டில் பதிவான ஒரு அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூன்று பேர். விண்ணப்பம் வாங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். எங்களிடம் கேட்டவை இவை:

யூ.டி.ஐ.டி. அட்டையும் சான்றும், தம்பியின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வாப்பாவின் இறப்புச் சான்று, விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்று, தம்பியோடு சேர்ந்து எடுத்த போட்டோ, மற்ற உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், தம்பி பெயரில் உள்ள சொத்து, கணக்கு விவரம். எல்லாவற்றிலும் மூன்று செட் நகல் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. நோட்டரி, நகல், போக்குவரத்துதான் செலவு. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதற்குப் பத்து நாள் முன்பே கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஒரு கடிதம் குறைந்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

கூட்டத்துக்குத் தம்பியையும் கூட்டிப்போக வேண்டும். எங்கள் தம்பியிடம் 'யார்கூட இருக்கீங்க?' என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் என் துப்பட்டாவின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பேசவில்லையே என்று பதறி, நீங்கள் குறுக்கே புகுந்து பேச வேண்டாம்.

4. பங்கைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்

அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் (உயில்) இருந்தால் அது, இவை போக மீதியைத்தான் பிரிக்க வேண்டும். இறந்தவருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இல்லை. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் என்று வையுங்கள். 40 சென்ட் நிலம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 சென்ட். மீதி 35-இல் மகன்களுக்கு ஆளுக்கு 14, மகளுக்கு 7. மகன்களில் ஒருவர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் என்றாலும் அவருக்கும் அதே 14 தான். 'அவன் என்ன செய்யப் போறான், நாங்கதானே பாத்துக்குறோம்' என்று சொல்லி ஒரு சென்ட்டைக்கூடக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை. பார்த்துக்கொள்வதற்கான செலவை அவர் பங்கிலிருந்தே எடுக்கலாம். அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. பங்கையே எடுத்துக்கொள்ள இடமில்லை.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதில் தம்பியின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். 'அவனுக்குக் கையெழுத்துப் போட வராதே, விட்டுவிடலாம்' என்று வி.ஏ.ஓ. விசாரணையின்போது யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய வேலை.

5. இந்தப் பத்திரத்தில் கைரேகை வைக்க விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதுவார்கள். வாரிசுகள் தங்கள் பங்கை ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு தம்பியின் பெருவிரலை மை அட்டையில் அழுத்தி அதில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே விரலைக் கொடுப்பார். மை பட்டதும் அடுத்த விரலையும் நீட்டுவார்.

பங்கை விட்டுக்கொடுப்பது முழு நஷ்டமான செயல். ஹனஃபியிலும் ஷாஃபியிலும் அவர் செய்தாலும் செல்லாது, அவருக்காக வலீ செய்தாலும் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படியும் தெளிந்த மனம் இல்லாதவரின் ஒப்பந்தம் செல்லாது. இருபது வருடம் கழித்து அந்தச் சொத்தை வாங்கியவர் வழக்கில் நிற்பார்.

பாகப்பிரிவினை செய்வதாக இருந்தாலும், பாதுகாவலர் தானும் ஒரு பங்குதாரர் என்றால் இரண்டு பக்கமும் அவரே கையெழுத்துப் போடுவது ஆபத்து. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உதவுபவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதினால் உதவுபவர் அந்தக் காரியத்திலிருந்து ஒதுங்க வேண்டும் என்கிறது. பங்கு இல்லாத ஒரு மாமாவையோ சாச்சாவையோ தம்பி பக்கம் நிற்க வைத்து, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு பிரியுங்கள்.

தம்பியின் நிலத்தை விற்க வேண்டி வந்தாலும் எல்.எல்.சி. சான்றை மட்டும் நம்பி அட்வான்ஸ் வாங்காதீர்கள். நீதிமன்ற அனுமதி முதலில், அட்வான்ஸ் பிறகு. ஷாஃபி சட்டமும் பொறுப்பில் இருப்பவரின் அசையாச் சொத்தைத் தேவைக்காகவோ தெளிவான ஆதாயத்துக்காகவோ மட்டுமே விற்க விடுகிறது. வைத்தியச் செலவு என்றால் பில், நல்ல விலை என்றால் மதிப்பீட்டுச் சான்று என்று காரணத்தைக் காகிதத்தில் காட்டுங்கள்.

6. அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக எழுதி வைக்க விரும்பினால்

பெரும்பாலான வாப்பாமார்கள் வஸிய்யத் எழுதிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வாரிசாக வரும் பிள்ளைக்கு எழுதிய வஸிய்யத், இறந்த பிறகு மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். அண்ணன் ஒருவர் மறுத்தாலே அவர் பங்கு அளவுக்கு அது நிற்காது. மூன்றில் ஒரு பங்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது வாரிசு அல்லாதவருக்கு.

வழி, உயிரோடு இருக்கும்போதே ஹிபா (அன்பளிப்பாகக் கொடுப்பது). சொல்வது, ஏற்பது, கையில் ஒப்படைப்பது மூன்றும் வேண்டும். ஏற்பதைத் தம்பி சார்பில் பாதுகாவலர் செய்வார். அதனால்தான் சான்றை முதலில் வாங்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டு வாடகையைக் கடைசிவரை வாப்பாவே தன் கணக்கில் வாங்கிச் செலவழித்தால், ஒப்படைப்பு நடக்கவில்லை என்று பிறகு வாதம் வரும். வாடகையைத் தம்பியின் கணக்கில் போடுங்கள்.

மரணப் படுக்கையில் எழுதுவது வேண்டவே வேண்டாம். அந்த ஹிபாவுக்கு வஸிய்யத்தின் கட்டுப்பாடுகள்தான் பொருந்தும். வாரிசுக்கு என்றால் மற்றவர் சம்மதம் தேவை.

வாய்மொழி ஹிபா செல்லும் என்றாலும் தான செட்டில்மெண்டாகப் பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பை 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். பதியும் நாளில் இன்றைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சரிபாருங்கள்.

மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டாமா என்ற உறுத்தல் சில பெற்றோருக்கு வருகிறது. அன்பளிப்பில் பிள்ளைகளிடையே நீதமாக இருக்கச் சொல்லும் ஹதீஸ் இருக்கிறது. தீராத நோய், பார்வையின்மை போன்ற தேவை இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லி, அவர்கள் கையெழுத்தையும் சாட்சியாக வாங்குங்கள்.

7. வங்கியும் உதவித்தொகையும்

நாங்கள் போன ஒரு வங்கிக் கிளையில் கோர்ட் ஆர்டர் இல்லாமல் முடியாது என்றார்கள். எல்.எல்.சி. கொடுக்கும் பாதுகாவலர் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் அமைதியாகக் காட்டுங்கள். எழுத்தில் மறுப்புக் கேளுங்கள். கணக்கு தம்பியின் பெயரில், பாதுகாவலர் இயக்குவதாக இருக்க வேண்டும். உங்கள் பெயரில் திறந்து அவர் பணத்தைப் போடாதீர்கள்.

அறிவுத்திறன் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். நேஷனல் டிரஸ்டின் நிரமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு கிடைக்கும். இரண்டுக்கும் அதே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

8. மனநோய் என்றால்

வைத்தியத்துக்கு மட்டும் என்றால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரே வெள்ளைத் தாளில் ஒருவரைப் பிரதிநிதியாக எழுதிக் கையெழுத்திடலாம். செலவே இல்லை. ஆனால் அந்தத் தாளை வைத்துச் சொத்தைத் தொட முடியாது, சொத்துக்கு நீதிமன்றம்தான். வக்கீல் கட்டணமும் காலமும் அதிகம் ஆகும், தயாராக இருங்கள்.

வந்து வந்து போகும் நோயில், தெளிவான நேரத்தில் செய்தது செல்லும் என்று ஃபிக்ஹும் சொல்கிறது, ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது. அதனால் அவர் ஏதாவது கையெழுத்திட வேண்டியிருந்தால் அன்றைய தேதியிட்ட மனநல மருத்துவர் சான்றை பத்திரத்தோடு இணையுங்கள். முந்தைய மாதச் சான்று உதவாது. புத்தி மறைந்த நேரத்தில் சொன்ன தலாக் நிகழாது. யாராவது ஊரில் அதை வைத்துப் பஞ்சாயத்து பேசினால் மருத்துவக் குறிப்புகளோடு ஆலிமிடம் போங்கள்.

9. சான்று கிடைத்த பிறகு

ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்து, வரவேண்டியது, கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டு எல்.எல்.சி.யிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், வரவுசெலவுக் கணக்கு. இதைப் பலர் கொடுப்பதே இல்லை. பாதுகாவலர் சொத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு உறவினர் புகார் கொடுத்தால் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மருந்து, துணி, முடிவெட்டு, பெருநாள் செலவு எல்லாம் தேதியோடு. பில்லை அதிலேயே ஒட்டுங்கள். குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 5, 6 வசனங்களைப் பொறுப்பேற்கும் முன் மொழிபெயர்ப்போடு படியுங்கள்: அந்தச் சொத்திலிருந்தே அவர்களுக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுக்கச் சொல்கிறது, அவர்களிடம் நல்ல வார்த்தை பேசச் சொல்கிறது. அநாதைகளின் பொறுப்பாளர் வசதியுள்ளவர் என்றால் அதிலிருந்து எடுக்காமல் இருக்கட்டும், ஏழை என்றால் நியாயமான அளவு எடுக்கட்டும் என்றும் சொல்கிறது. வாடகைக்கு ஆள் தேடி அலைந்த செலவை எடுப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் வந்தது. வசதி இருப்பதால் எடுக்கவில்லை. உங்களுக்கு முடியாவிட்டால் எடுங்கள், நோட்டில் எழுதி எடுங்கள்.

ஜகாத்தையும் மறக்காதீர்கள். ஷாஃபியில், புத்தி குறைந்தவரின் சொத்து நிஸாபை (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) எட்டி ஒரு வருடம் ஆனால் அதற்கு ஜகாத் உண்டு. வலீ அவருடைய பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும். ஹனஃபியில் புத்தி சுவாதீனம் இல்லாதவரின் ரொக்கத்துக்கும் நகைக்கும் ஜகாத் கடமையில்லை. மத்ஹபைச் சொல்லி ஆலிமிடம் கேட்டு, அவர் சொன்னதையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எல்.எல்.சி. சான்று உங்கள் ஆயுளோடு முடிந்துவிடும். அடுத்தவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றின் அசல், யூ.டி.ஐ.டி., வங்கிப் புத்தகம், கணக்கு நோட்டு நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்கட்டும்.